ஊருக்குப் பணம் அனுப்புவதற்கு முன்னால்: கிராமத்து வீட்டின் கடனையும் காகிதத்தையும் வடசென்னையில் இருந்தே சீர்செய்யும் வழி

"மாசா மாசம் அனுப்புறோம்க்கா. ஆனா ஊர்ல கடன் மட்டும் குறையவே மாட்டேங்குது." கொருக்குப்பேட்டையில் நான் நடத்தும் ஜெராக்ஸ் கடைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர், ஏதாவது ஒரு விண்ணப்பத்தை நிரப்பிக்கொண்டே இதைச் சொல்லிவிடுவார்கள். கூட்ஸ் ஷெட்டில் மூட்டை தூக்குகிறவர்கள், துறைமுகத்துக்குக் கன்டெய்னர் லாரி ஓட்டுகிறவர்கள், எம்.சி. ரோடு ஜவுளிக்கடைகளில் நாள் முழுக்க நின்றே வேலை பார்க்கும் பெண்கள் என்று பலரும் வருவார்கள். வந்தவாசி, செய்யாறு, போளூர், கள்ளக்குறிச்சி என்று அந்தப் பக்கத்து ஊர்க்காரர்கள் இவர்களில் நிறைய. நானும் போளூர் பக்கம்தான். அப்பாவுக்கு ஒன்றரை ஏக்கர் மானாவாரி நிலம். மழை கைகொடுத்தால் மல்லாட்டை (நிலக்கடலை), இல்லாவிட்டால் தரிசு. அம்மா ஏரி வேலைக்கு, அதாவது நூறு நாள் வேலைக்குப் போகிறார். கல்யாணமாகி இங்கே வந்த பிறகும் ஊர் வீட்டின் வரவு செலவை நான்தான் பார்த்துக்கொள்கிறேன். அதனால் இதில் எழுதுவதெல்லாம் என் வீட்டிலும் என் கடை மேசையிலும் பார்த்துத் தெரிந்துகொண்டது.

நாம் அனுப்பும் பணத்தில் முதல் பங்கு வட்டிக்குப் போகிறது. இன்னொரு பக்கம், வீட்டுக்கு உரிமையாக வரவேண்டிய பணம் ஏதோ ஒரு காகிதத்தில் எழுத்து மாறியதால் நின்றுபோகிறது. இந்த இரண்டையும் அடைக்காமல் மாதம் ஆயிரம் ரூபாய் கூடுதலாக அனுப்பினாலும் வித்தியாசம் தெரியாது. அதனால் அடுத்த மாதப் பணத்தை அனுப்பும் முன் ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்குங்கள்.

கடனை எழுதுவது

"மொத்தம் எவ்வளவு கடன்?" என்று போனில் கேட்காதீர்கள். எந்த அம்மாவும் அதற்கு நேராகப் பதில் சொல்ல மாட்டார். பிள்ளை கவலைப்படுவானே என்றுதான் முதலில் நினைப்பார். போன மாதம் வந்தவாசிப் பக்கத்துத் தம்பி ஒருவர் என் கடையில் உட்கார்ந்து ஸ்பீக்கரில் போட்டுக் கேட்டார். "அத்த ஏன்டா இப்ப கேக்குற, நான் பாத்துக்குறேன்" என்று அம்மா மழுப்பினார். நான் போனை வாங்கி, "அம்மா, இந்த மாசம் எந்தெந்தத் தேதியில யாருக்குக் கட்டணும், அது மட்டும் சொல்லுங்க" என்றேன். அப்படிக் கேட்டதும் கடகடவென்று வந்துவிட்டது: செவ்வாய்க்கிழமை குழு லோன், பத்தாம் தேதி மளிகை, அமாவாசைக்கு முன்னால் தெருக்கோடி வீட்டுக்காரருக்கு வட்டி, அறுவடைக்கு உரக்கடை. மகனுக்குத் தெரியாத கடன்கள் அதில் இரண்டு இருந்தன.

சாயங்காலம் ஏழு மணிக்கு மேல், அவர்கள் சாப்பிட்டு முடித்து ஓய்ந்திருக்கும் நேரத்தில் பேசுங்கள். அப்பாவிடம் தனியாக, அம்மாவிடம் தனியாக. இருவருக்கும் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளாத கைமாத்து இருக்கும். கோபப்படாமல் எழுதிக்கொள்ளுங்கள், ஒருமுறை கத்திவிட்டால் அடுத்தமுறை உண்மை வராது.

ஒவ்வொரு கடனுக்கும் ஒரு பக்கம் விடுங்கள். யாரிடம், எந்த மாதம் வாங்கியது, எவ்வளவு, என்ன வட்டி, அடமானமாக என்ன கொடுத்தார்கள், வெற்றுப் பத்திரத்திலோ புரோநோட்டிலோ கையெழுத்துப் போட்டார்களா, இதுவரை கட்டியது எவ்வளவு. கட்டியதற்குச் சீட்டு இல்லை என்றால் அதையும் எழுதுங்கள். அப்புறம் எல்லா வட்டியையும் வருஷக் கணக்குக்கு மாற்றுங்கள். ஊரில் "மூணு வட்டி" என்றால் நூற்றுக்கு மாதம் 3 ரூபாய், அதாவது வருஷத்துக்கு 36 சதவீதம். ஐம்பதாயிரம் வாங்கியிருந்தால் வருஷத்துக்கு 18,000 ரூபாய் வட்டி மட்டும். அசல் அப்படியே நிற்கும். "மூணு வட்டிதானே" என்று சொல்லும்போது சின்னதாகத் தெரிவது, நோட்டில் எழுதியதும் பெரிதாகிவிடும்.

உரக்கடைப் பாக்கியை யாரும் கடன் என்று சொல்வதில்லை, வட்டி என்றும் எதுவும் எழுதியிருக்காது. ஆனால் ரொக்கத்துக்கு ஒரு விலை, கடனுக்கு ஒரு விலை. அதுபோலத்தான் மண்டி வியாபாரி விதைக்கும்போது கொடுக்கும் அட்வான்ஸும். அறுவடையானதும் அவரிடமே மூட்டையைப் போட வேண்டும், விலையும் அவர் சொன்னதுதான். கமிட்டிக்கு, அதாவது அரசு ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்துக்குக் கொண்டுபோனால் நாலு வியாபாரி போட்டிபோட்டு ஏலம் கேட்பார்கள். அந்த வாய்ப்பு போவதுதான் இந்த அட்வான்ஸுக்கு நாம் கொடுக்கும் வட்டி. என் அப்பா பல வருஷமாக ஒரே வியாபாரிக்குத்தான் மல்லாட்டை போட்டார். அட்வான்ஸ் வாங்குவதை நிறுத்திய பிறகுதான் கமிட்டிப் பக்கம் போக முடிந்தது. விதைப்பு மாதத்தில் நான் கொஞ்சம் கூடுதலாக அனுப்பினேன், அவ்வளவுதான் செய்தது. மற்ற மாதங்களில் குறைத்தேன். வருஷம் முழுக்க ஒரே தொகை அனுப்புவதைவிட, பயிர் கேட்கும் மாதத்தில் அனுப்புவது ஊர்க் குடும்பத்துக்கு அதிகம் உதவும்.

எந்தக் கடனை முதலில்

பெரிய கடனை முதலில் அடைக்க வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். நான் தேதியைப் பார்ப்பேன், அடுத்து வட்டியைப் பார்ப்பேன்.

சொசைட்டி பயிர்க்கடன் இருந்தால் அதன் கெடு தேதியை நோட்டின் முதல் பக்கத்திலேயே பெரிதாக எழுதிவையுங்கள். தமிழ்நாட்டில் கூட்டுறவுச் சங்கத்தில் வாங்கும் பயிர்க்கடனைத் தவணைக்குள் கட்டினால் விவசாயிக்கு வட்டியே கிடையாது. அதை அரசு கட்டுகிறது. தேதி தாண்டினால் அந்தச் சலுகை போய்விடும், அடுத்த பயிருக்குக் கடன் கிடைப்பதும் சிக்கலாகும். தேசிய வங்கியில் கிசான் கிரெடிட் கார்டு என்றால் 3 லட்சம் வரை 7 சதவீதம், ஒழுங்காகக் கட்டினால் 3 சதவீதம் சலுகை போக 4 சதவீதம். ஊரில் இந்த இரண்டையும்விட மலிவான பணம் வேறு இல்லை. 2021 பிப்ரவரியில் கூட்டுறவுப் பயிர்க்கடன் 12,110 கோடி ரூபாயைத் தமிழ்நாடு அரசு தள்ளுபடி செய்தது. அதே வருஷம் 5 பவுன் வரையிலான கூட்டுறவு நகைக்கடனுக்கும் தள்ளுபடி வந்தது. அதை நம்பி "தேர்தல் வருது, கட்டாம விடலாம்" என்று சொல்பவர்கள் ஒவ்வொரு ஊரிலும் உண்டு. தள்ளுபடி யாருக்கு, எந்தத் தேதிக்கு முந்தைய கடனுக்கு என்பது அறிவிப்பு வரும்வரை யாருக்கும் தெரியாது. உங்கள் அப்பாவைத் தேதிக்குக் கட்டச் சொல்லுங்கள்.

அடுத்தது மூணு வட்டி, ஐந்து வட்டிக் கடன்கள். வீட்டில் பெட்டிக்குள் சும்மா கிடக்கும் நகை இருந்தால், அதை வங்கியிலோ சொசைட்டியிலோ வைத்து இந்தக் கடனை அடைத்துவிடுங்கள். ஐம்பதாயிரத்துக்கு 9 சதவீதம் என்று வைத்தால் வருஷத்துக்கு 4,500 ரூபாய். முன்பு சொன்ன 18,000-த்தில் இது போக மிச்சம் 13,500. நகையை வைப்பது மானக்கேடு, வட்டிக்கு வாங்குவது பரவாயில்லை என்ற எண்ணம் ஊரில் இன்னும் இருக்கிறது. பொறுமையாக இந்தக் கணக்கைச் சொல்லுங்கள்.

ஆனால் நகையை வைத்ததும் மறந்துவிடக் கூடாது. பெரும்பாலும் ஒரு வருஷக் கெடு. கெடு முடிந்து நோட்டீஸ் வந்தும் கவனிக்காவிட்டால் ஏலம், நகை மூழ்கிவிடும். நோட்டீஸ் ஊர் முகவரிக்குத்தான் வரும். படிக்கத் தெரியாத வீட்டில் அது டிவி மேலே கிடக்கும். வங்கியில் உங்கள் கைபேசி எண்ணையும் கொடுக்க முடியுமா என்று கேளுங்கள், கெடுவுக்கு இரண்டு மாதம் முன்பே உங்கள் போனில் நினைவூட்டல் போட்டுவையுங்கள். கெடு நெருங்கும்போது அசலையும் வட்டியையும் முழுசாகக் கட்டி மறுபடி வைக்கச் சொன்னதால், ஒருநாள் வட்டிக்குப் பணம் தேடி ஓடிய குடும்பங்களை நான் நேரில் பார்த்திருக்கிறேன். அந்த நாளை எதிர்பார்த்துக் கொஞ்சம் பணம் தனியாக வையுங்கள்.

நகைக்கடனுக்கு ரிசர்வ் வங்கி 2025-ல் புது விதிகள் கொண்டுவந்தது. வங்கிகளும் நிதி நிறுவனங்களும் இதற்கு மாற 2026 ஏப்ரல் 1 வரை கெடு கொடுத்தது. இரண்டரை லட்சம் வரையிலான கடனுக்கு நகை மதிப்பில் 85 சதவீதம் வரை கொடுக்கலாம். நகையைத் தரம் பார்க்கும்போது கடன் வாங்குகிறவர் எதிரிலேயே பார்க்க வேண்டும். முழுக்கடனும் கட்டி முடித்தால் 7 வேலை நாளுக்குள் நகை கைக்கு வர வேண்டும். அவர்கள் தாமதித்தால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் நஷ்ட ஈடு. ஊரில் உள்ளவர்களுக்கு இது தெரியாது. நோட்டில் எழுதிக் கொடுங்கள்.

குழு லோன் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அம்மாக்களின் தூக்கத்தைக் கெடுப்பது இதுதான். சுய உதவிக் குழு மூலம் வங்கி கொடுப்பது வேறு, நுண்கடன் நிறுவனங்கள் பத்துப் பெண்களைச் சேர்த்து ஒருவருக்கொருவர் ஜாமீனாக்கிக் கொடுப்பது வேறு. இரண்டாவது வகையில், ஒருத்தி கட்டாவிட்டால் மற்றவர்கள் அவள் வீட்டு வாசலில் போய் உட்கார வேண்டும். ஒரே தெருவில் வளர்ந்தவர்கள் பேச்சு வார்த்தை இல்லாமல் போவது இதனால்தான். 2022 ஏப்ரல் முதல் நடைமுறையில் இருக்கும் ரிசர்வ் வங்கி விதிப்படி, வருஷ வருமானம் 3 லட்சம் வரை உள்ள குடும்பங்களுக்கு அடமானம் இல்லாமல்தான் இந்தக் கடன் கொடுக்க வேண்டும். எல்லாக் கடனுக்கும் சேர்த்துக் கட்டும் தவணை, குடும்பத்தின் மாத வருமானத்தில் பாதிக்கு மேல் போகக் கூடாது. முன்கூட்டியே கட்டினால் அபராதம் கிடையாது. காலை 9 மணிக்கு முன்பும் மாலை 6 மணிக்குப் பின்பும் வசூலுக்கு அழைக்கக் கூடாது. இரு தரப்பும் ஒப்புக்கொண்ட பொது இடத்தில்தான் வசூல். கடன் வாங்கியவர் அந்த இடத்துக்குத் தொடர்ந்து இரண்டு தடவையோ அதற்கு மேலோ வராவிட்டால்தான் வசூலுக்கு ஆள் வீட்டுக்கோ வேலை செய்யும் இடத்துக்கோ வரலாம். ராத்திரி எட்டு மணிக்கு வாசலில் நின்று கத்தினால் அது விதிமீறல். முதலில் அந்த நிறுவனத்துக்கே எழுத்தில் புகார், பிறகு ரிசர்வ் வங்கியின் 14448 எண். கந்துவட்டியை எதிர்த்து 2003-லிருந்தே தமிழ்நாட்டில் சட்டம் இருக்கிறது; மிரட்டி வசூலிப்பதற்கு எதிராக 2025-ல் தனிச் சட்டமும் வந்தது. காவல் நிலையத்துக்குப் போகும்போது நோட்டைக் கையோடு கொண்டுபோங்கள். தேதியும் தொகையும் வரிசையாக எழுதியிருக்கிறவரின் பேச்சுக்கு மதிப்பு வேறு.

ஒரு குழுக் கடனைக் கட்ட இன்னொரு குழுவில் சேர்வதை மட்டும் எப்படியாவது தடுத்துவிடுங்கள். அம்மாவுக்கு அந்த வாரத் தவணையை நீங்கள் அனுப்பியாவது தடுங்கள்.

நிலத்துக் காகிதம்

பட்டா இன்னும் தாத்தா பெயரிலேயே இருக்கிறதா? இருக்கிறது என்றால் பயிர்க்கடன், பயிர்க் காப்பீடு, விவசாயிக்கு மத்திய அரசு தரும் பி.எம். கிசான் உதவித்தொகை எல்லாவற்றிலும் அங்கே இங்கே முட்டும். அப்பாதான் உழுகிறார், ஊருக்கே தெரியும், ஆனால் கம்ப்யூட்டருக்குத் தெரியாது.

முதலில் இங்கேயே உட்கார்ந்து பார்க்கக்கூடியதைப் பாருங்கள். அரசின் இணையச் சேவையில் மாவட்டம், வட்டம், கிராமம், சர்வே எண் போட்டால் பட்டா சிட்டா, அ-பதிவேடு, புலப்படம் (நில அளவை வரைபடம்) எல்லாம் பார்க்கலாம். பதிவுத் துறைத் தளத்தில் வில்லங்கம் பார்க்கலாம். சர்வே எண் தெரியாவிட்டால் பழைய நிலவரி ரசீதைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். அதில் இருக்கும்.

பார்த்ததில் பெயரை எழுத்துக் கூட்டி ஒப்பிடுங்கள். ஆதாரில் முனுசாமி, பட்டாவில் முனிசாமி, வங்கிப் புத்தகத்தில் இனிஷியல் வேறு. என் மேசைக்கு வரும் விண்ணப்பங்களில் திரும்பி வருவது பெரும்பாலும் இப்படி ஓர் எழுத்தால்தான். ஆதாரை அடிப்படையாக வைத்து மற்றதை மாற்றுங்கள். வங்கி, ரேஷன், ஓய்வூதியம் எல்லாம் இப்போது ஆதாரோடுதான் ஒட்டியிருக்கின்றன.

தாத்தா பெயரிலிருந்து மாற்ற வாரிசு சான்றிதழ், இறப்புச் சான்றிதழ், எல்லா வாரிசுகளின் ஆதார் வேண்டும். பாகப் பிரிவினை ஆகியிருந்தால் அந்தப் பத்திரம். கூட்டுப் பட்டாவைத் தனிப் பட்டாவாக்க வேண்டுமென்றால் உட்பிரிவு செய்ய சர்வேயர் வந்து அளக்க வேண்டும், அதற்குக் கட்டணம் உண்டு. இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்கலாம், 'எங்கிருந்தும் எந்நேரமும்' சேவை வழியாக நீங்களே செய்யலாம். விண்ணப்ப எண்ணை நோட்டில் எழுதிவிட்டு, பதினைந்து நாளுக்கு ஒருமுறை நிலையைப் பாருங்கள். எதற்காக நிராகரித்தார்கள் என்பது அதிலேயே வரும். வருஷத்துக்கு ஒருமுறை, பெரும்பாலும் மே, ஜூன் வாக்கில், தாலுகா ஆபீசில் ஜமாபந்தி, அதாவது வருவாய்க் கணக்குத் தணிக்கை நடக்கும். நீண்ட நாள் கிடப்பில் இருக்கும் பட்டா மனுவைக் கொடுக்க நல்ல நேரம் அது.

வாரிசுகள் என்றதும் அண்ணன் தம்பிகள் மட்டும் ஞாபகத்துக்கு வருகிறார்கள். 1989-லேயே தமிழ்நாட்டுச் சட்டம் மகளுக்குப் பரம்பரைச் சொத்தில் பங்கு கொடுத்தது, 2005-ல் நாடு முழுக்க வந்தது. அக்காவோ தங்கையோ விட்டுக்கொடுக்கிறேன் என்றால் அது அவர்கள் விருப்பம், முறையாக விடுதலைப் பத்திரம் பதிவு செய்யுங்கள். "சும்மா ஒரு கையெழுத்து" என்று ஏதோ ஒரு தாளை நீட்டி வாங்காதீர்கள். நான் பெண், அதனால் சொல்கிறேன் என்று நினைத்தாலும் சரி. கூடப் பிறந்தவளை ஏமாற்றி வாங்கிய பட்டா என்றைக்காவது கோர்ட்டில் போய்த்தான் நிற்கும், அந்தச் செலவையும் வட்டிக்குத்தான் வாங்க வேண்டியிருக்கும்.

குத்தகைக்கு உழுகிறவர்களின் நிலைமை இன்னும் கஷ்டம். குத்தகை வாய்மொழியோ எழுத்தோ, பி.எம். கிசான் பணம் நிலத்துக்காரருக்குத்தான் போகும். குறைந்தபட்சம் வி.ஏ.ஓ.விடம் அடங்கலில் (பயிர்ப் பதிவேட்டில்) யார் பயிர் செய்கிறார் என்பது சரியாக ஏறுகிறதா என்று ஒவ்வொரு பருவமும் கேளுங்கள். காப்பீட்டுக்கும் நெல் போடுவதற்கும் அடங்கல்தான் கேட்பார்கள்.

வரவேண்டிய பணம்

பி.எம். கிசான்: வருஷம் 6,000, மூன்று தவணையாக 2,000. "நான் சென்னையில சம்பளம் வாங்குறேன், அப்பாவுக்குக் கிடைக்குமா?" என்று கேட்கிறார்கள். அந்தத் திட்டத்தில் குடும்பம் என்றால் கணவன், மனைவி, வயதுக்கு வராத பிள்ளைகள் மட்டும். உங்கள் சம்பளம் குறுக்கே வராது. பணம் நின்றிருந்தால் இ-கேஒய்சி (ஆதார் வழிச் சரிபார்ப்பு) செய்தார்களா, வங்கிக் கணக்கு ஆதாரோடு இணைந்திருக்கிறதா என்று பாருங்கள்.

2025 நிலவரப்படி மகளிர் உரிமைத்தொகை மாதம் 1,000, முதியோர் உதவித்தொகை 1,200. இவை எந்த வங்கிக் கணக்கில் விழுகின்றன என்பதே பல வீடுகளில் தெரியவில்லை. நுண்கடனுக்காகத் திறந்த கணக்கில் விழுந்து, தவணையாகப் பிடிக்கப்பட்டுப் போய்க்கொண்டிருக்கும். ஆதாரோடு எந்தக் கணக்கு இணைந்திருக்கிறதோ அங்கேதான் விழும். அதைக் கண்டுபிடித்து, கடன் இல்லாத கணக்குக்கு மாற்றச் சொல்லுங்கள்.

நூறு நாள் வேலைக்கு அட்டை இருந்தால் மட்டும் போதாது. வேலை வேண்டும் என்று எழுதிக் கொடுத்து, தேதி போட்ட ரசீது வாங்க வேண்டும். 2005 சட்டப்படி அதிலிருந்து 15 நாளுக்குள் வேலை தராவிட்டால் வேலையில்லாப் படி தர வேண்டும். ரசீது இல்லாதவர் கேட்கவே இல்லை என்றுதான் கணக்கு. 2024 ஜனவரியிலிருந்து கூலி ஆதார் வழியாகத்தான் வருகிறது. வேலையிடத்தில் போட்டோ எடுத்து வருகை போடுவதில் சிக்னல் கிடைக்காமல் அம்மாவின் நாள் விட்டுப்போனால், அன்றைக்கே வேலையை மேற்பார்க்கும் மேட்டிடம் சொல்லச் சொல்லுங்கள். வாரம் தாண்டினால் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. 2025-26-ல் தமிழ்நாட்டுக்கு நாள்கூலி 336 ரூபாய். ஆனால் அந்தப் பணம் எந்தத் தேதியில் வரும் என்று நம்பி எதையும் திட்டமிட முடியாது. 2024 கடைசியில் தொடங்கி மாதக்கணக்கில் தமிழ்நாட்டில் கூலி நின்றது. மத்திய அரசிடமிருந்து 1,056 கோடி வர வேண்டும் என்று 2025 ஜனவரியில் முதல்வர் பிரதமருக்குக் கடிதமே எழுதினார். பொங்கல் அந்த வருஷம் எங்கள் ஊர்த் தெருவில் கடனில்தான் நடந்தது. அதனால் குழு லோன் தவணையை ஏரி வேலைக் கூலியை நம்பி ஒத்துக்கொள்ள வேண்டாம் என்று அம்மாவிடம் சொல்லிவையுங்கள். 2025 டிசம்பரில் நாடாளுமன்றம் இந்தத் திட்டத்துக்குப் பதிலாக 125 நாள் என்று புதுச் சட்டம் நிறைவேற்றியது. விவசாயப் பருவத்தில் 60 நாள் வரை வேலையை நிறுத்திவைக்க அதில் இடம் உண்டு. எந்தப் பெயரில் நடந்தாலும் அட்டை, ஆதார் இணைப்பு, எழுத்துப்பூர்வ மனு மூன்றும் கையில் இருக்கட்டும்.

வயதானவர்களின் கைரேகை மெஷினில் விழுவதில்லை. மல்லாட்டை பிடுங்கிப் பிடுங்கி என் அம்மாவின் கட்டைவிரல் வழவழப்பாகிவிட்டது. நாலைந்து முறை வைத்தாலும் சிவப்பு விளக்குதான். அவர் சென்னைக்கு வந்தபோது இங்கே ஆதார் மையத்தில் கைரேகை, கண் இரண்டையும் புதுப்பித்தோம். ஆதாரை எந்த ஊர் மையத்திலும் புதுப்பிக்கலாம், சொந்த ஊருக்கு ஓட வேண்டியதில்லை. ஊரில் பணம் எடுக்க வங்கி தூரம் என்றால், தபால்காரரே கைரேகை மெஷினோடு வீட்டுக்கு வந்து எடுத்துக் கொடுப்பார். எடுத்ததும் மீதி எவ்வளவு என்று சீட்டோ குறுஞ்செய்தியோ வந்ததா என்று பார்க்கச் சொல்லுங்கள். குறுஞ்செய்தி உங்கள் எண்ணுக்கு வரும்படி வைத்தால் இன்னும் நல்லது.

பயிர்க் காப்பீட்டுக்கு விவசாயி கட்டும் பங்கு குறைவு: காரிஃப் பருவத்துக்கு 2 சதவீதம், ரபிக்கு ஒன்றரை, தோட்டப் பயிர் மற்றும் பணப்பயிருக்கு 5. கடைசி நாளில் எங்கும் கூட்டம், அதனால் விதைத்த வாரமே கட்டிவிடுங்கள். ஆலங்கட்டியோ வெள்ளமோ வந்து உங்கள் நிலம் மட்டும் அடிபட்டால் 72 மணி நேரத்துக்குள் தகவல் சொல்ல வேண்டும். அப்பாவால் முடியாவிட்டால் நீங்கள் இங்கிருந்து போனில் சொல்லலாம், பாலிசி எண் நோட்டில் இருந்தால்.

நெல் போடுகிறவர்கள் நேரடி கொள்முதல் நிலையத்துக்குப் போகும் முன் ஈரப்பதம் பார்க்கட்டும், 17 சதவீதத்துக்கு மேல் இருந்தால் எடுப்பதில் சிக்கல். 2025-26-ல் குவிண்டாலுக்கு சாதா ரகம் 2,500, சன்ன ரகம் 2,545. கமிட்டியில் அன்றைக்கு விலை சரியில்லை என்றால் மூட்டையைக் கிடங்கில் வைத்துவிட்டு, அதன் மேலேயே பொருளீட்டுக் கடன் வாங்கலாம்; மதிப்பில் 75 சதவீதம் வரை கிடைக்கும். அவசரத்துக்கு அடிமாட்டு விலையில் தள்ளிவிட வேண்டியதில்லை.

ஊருக்குப் போகும் நாள்

கிளாம்பாக்கம் பஸ் ஸ்டாண்டுக்குப் போய்ச் சேர்வதற்கே வடசென்னைக்காரர்களுக்குப் பாதி நாள் போகிறது. திருவண்ணாமலை, போளூர் பக்கத்துக்காரர்களுக்கு நல்ல வழி ஒன்று 2024 மே மாதத்திலிருந்து இருக்கிறது. பீச் ஸ்டேஷனில் சாயங்காலம் 6 மணிக்கு வேலூர் வழியாகத் திருவண்ணாமலை ரயில். திரும்பும் ரயில் விடியற்காலை 4 மணிக்குக் கிளம்பி, பத்து மணி வாக்கில் பீச் வந்துவிடும். கிளம்பும் முன் நேரத்தை ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஏறினால் திங்கட்கிழமை முழுசாகக் கையில் இருக்கும். திங்கட்கிழமைதான் கலெக்டர் ஆபீசில் மக்கள் குறைதீர்க்கும் நாள். மனுவை இங்கேயே தமிழில் எழுதி, இரண்டு நகல் எடுத்துக்கொண்டு போங்கள். ஒன்றில் பதிவு எண் வாங்காமல் வெளியே வராதீர்கள். வி.ஏ.ஓ., சொசைட்டி, வங்கி மூன்றையும் ஒரே நாளில் முடிக்க, யாரிடம் என்ன கேட்க வேண்டும் என்று ரயிலிலேயே எழுதிக்கொள்ளுங்கள். நேரில் போக முடியாதவர்கள் முதல்வரின் முகவரி 1100-க்கு இங்கிருந்தே பேசலாம்.

கிராம சபையை விடாதீர்கள். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. இதில் நாலு நாள் நமக்கும் லீவு. ஏரி வரத்துக்கால்வாய் தூர்வாருவது, நூறு நாள் வேலைக் கணக்கு, வீடு கட்டும் திட்டத்தில் யார் பெயர் இருக்கிறது, எல்லாவற்றையும் அங்கே கேட்கலாம். சென்னையிலிருந்து வந்த பிள்ளை எழுந்து நின்று, "தீர்மானப் புத்தகத்துல எழுதுங்க" என்று மரியாதையோடு கேட்டால் எழுதுவார்கள். எழுதியதைப் படித்துவிட்டு வாருங்கள்.

அவர்கள் இங்கே வரும்போது

ஸ்டான்லி ஆஸ்பத்திரிக்குக் காட்ட வந்து இரண்டு மாதம் தங்கிவிட்டால், ரேஷன் வீணாகிறதே என்று கவலைப்படுகிறார்கள். 2020 அக்டோபரிலிருந்து தமிழ்நாட்டுக் குடும்ப அட்டைக்கு மாநிலத்தில் எந்த ரேஷன் கடையிலும் கைரேகை வைத்துப் பொருள் வாங்கலாம். கொருக்குப்பேட்டைக் கடையிலேயே வாங்குங்கள். "உங்க கார்டு இங்க இல்ல" என்று சொன்னால் வட்ட வழங்கல் அலுவலகத்தில் சொல்லுங்கள். முதல்வர் மருத்துவக் காப்பீட்டு அட்டையை ஊரிலேயே எடுத்துவைத்துவிட்டு வரட்டும். ஆபரேஷன் என்று சொன்ன பிறகு வருமானச் சான்றுக்காக ஊருக்கு ஆள் அனுப்புவது பெரிய அலைச்சல்.

அவர்கள் இங்கே இருக்கும் நாட்களில்தான் போனைப் பார்க்க நேரம் கிடைக்கும். கிசான் பணம் நின்றுவிட்டது, இந்த ஆப்பை இறக்குங்கள் என்று வாட்ஸ்அப்பில் வரும் கோப்பைத் தொட்டால் கணக்கே காலியாகும். அரசாங்கம் வாட்ஸ்அப்பில் ஆப் அனுப்பாது என்று சொல்லிக் கொடுங்கள். ஓ.டி.பி. கேட்டு யார் பேசினாலும், "எம் பொண்ணுகிட்ட பேசுங்க" என்று உங்கள் எண்ணைக் கொடுத்துவிட்டு போனை வைக்கச் சொல்லுங்கள். பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 1930-க்கு அடிக்க வேண்டும். சீக்கிரம் சொன்னால் பணத்தை நடுவில் நிறுத்த வாய்ப்பு உண்டு. இந்த எண்ணையும் 14448, 1100 இரண்டையும் நோட்டின் பின் அட்டையில் பெரிய எழுத்தில் எழுதி, அதை ஜெராக்ஸ் எடுத்து ஊர் வீட்டில் கரண்ட் மீட்டர் பக்கத்தில் ஒட்டச் சொல்லுங்கள்.